சூரியனின் ஓரம் ஏன் மங்குகிறது? தேயிலை மலையில் ஒரு கணிதக் கேள்வி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கேமரன் மலையில் வெயிலின் அருமை பனியில் தெரியும். காலையில் வானம் தெளிவாக இருக்கும். மதியம் தாண்டியதும் மூடுபனி இறங்கும், அதன் பின்னாலேயே மழையும் வரும். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்து காடு வெட்டி, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை ஏணியாகப் பிடித்துக்கொண்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

அந்த ஏணியில் ஒரு படி பலரையும் தடுக்கி விடுகிறது. நான்காம் படிவத்துக்கு வந்ததும் கூடுதல் கணிதம் எடுப்பதா விடுவதா என்ற கேள்வி வீட்டுக்கு வருகிறது. "சைனும் கோசைனும் படித்து என்ன ஆகப் போகிறது? கொழுந்து நிறுக்கவா?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை, பதில்தான் சரியாகச் சொல்லப்படுவதில்லை. தேயிலைச் செடியின் மேல் விழும் வெயிலைக் கொண்டே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்புக்கு அப்போது நிழலே இருக்காது. அந்த வெயில் சூரியனுக்குள் எப்படிப் பிறந்தது? எப்படி வெளியே வந்தது? பனியைக் கடந்து இலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டவர்கள் கையில் எடுத்த கருவியின் பெயர் 'சிறப்புச் சார்புகள்'.

வாய்பாடும் வாக்கியமும்

சார்பு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் இன்னோர் எண்ணைத் திருப்பித் தரும் விதிதான் சார்பு. இத்தனை கிலோ கொழுந்துக்கு இத்தனை ரிங்கிட் என்பது ஒரு சார்பு. கோணத்தைக் கொடுத்தால் சைன் மதிப்பு கிடைப்பது இன்னொரு சார்பு. அந்த மதிப்பைத் தேடி முன்பு நான்கு இலக்க அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இன்று கால்குலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். பொத்தானுக்குப் பின்னால் இருப்பது, யாரோ ஒருமுறை கஷ்டப்பட்டுக் கணக்கிட்டு எல்லாருக்கும் வைத்துவிட்டுப் போன சொத்து.

தமிழருக்கு இது புதிதல்ல. ஜான் வாரன் என்பவர் எழுதிய 'காலசங்கலிதம்' என்ற நூல் 1825இல் சென்னையில் வெளியானது. புதுச்சேரிப் பக்கத்தில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி வாரன் அதில் எழுதினார். அந்த மனிதர் தரையில் கிளிஞ்சல்களை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, அதே ஆண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். எழுதுகோலைத் தொடவில்லை. கிரகணத்தின் தொடக்கம் சில நிமிட வித்தியாசத்தில் சரியாக வந்தது. முடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பிழை இருந்தது. சூரியனும் சந்திரனும் எந்த நாளில் எங்கே இருக்கும் என்ற அட்டவணைதான் அந்த வாக்கியங்கள். அட்டவணையின் பின்னால் இருந்த கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறித்து வைத்தார்.

சிறப்புச் சார்பு என்பது அட்டவணையும் கோட்பாடும் சேர்ந்த ஒன்று. ஒரு கேள்விக்குத் தெரிந்த சார்புகள் எதிலும் விடை எழுத முடியாமல் போகும்போது, கணித அறிஞர்கள் கைவிட்டு ஓடுவதில்லை. அந்த விடைக்கே ஒரு பெயர் சூட்டுகிறார்கள். அதன் குணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிகிறார்கள், மதிப்புகளை அட்டவணையாக்குகிறார்கள். பிறகு அது சைனைப் போலவே எல்லாருக்கும் பொதுச் சொத்தாகி விடுகிறது. பெயர் தெரியாத பிள்ளையைத் தத்தெடுத்து, பெயர் வைத்து வளர்ப்பதைப் போன்ற வேலை அது.

சூரியனின் அடுப்பு

வெயில் பிறக்கும் இடம் சூரியனின் மையம். அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி பாகை. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாக மாறுகிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைய வேண்டும் என்றால், ஒன்றையொன்று விலக்கும் மின்விசைத் தடையை அவை தாண்ட வேண்டும்.

இரவுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். சில்லறைக் காசோடு வருபவர்கள் நிறையப் பேர். அவர்களால் பெரிய பொருள் வாங்க முடியாது. பை நிறையப் பணத்தோடு வருபவர் எதையும் வாங்குவார், ஆனால் அப்படிப்பட்டவர் அபூர்வம். உண்மையான வியாபாரம் நடப்பது இரண்டுக்கும் நடுவில். சூரிய மையத்திலும் இதே கதைதான். மெதுவான அணுக்கருக்கள் ஏராளம், அவற்றால் தடையைக் கடப்பது அரிது. வேகமானவை எளிதில் கடக்கும், ஆனால் அவை மிகச் சில. கூட்டம் குறைந்துகொண்டே போகும் ஒரு வளைகோட்டையும், வெற்றி வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும் இன்னொரு வளைகோட்டையும் பெருக்கினால் நடுவில் ஒரு சிகரம் எழுகிறது. அதற்குக் காமோவ் சிகரம் என்று பெயர். அந்தச் சிகரத்தின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டால் சூரியனின் அடுப்பு எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்பது தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பரப்பைப் பள்ளியில் படிக்கும் எந்தச் சார்பாலும் துல்லியமாக எழுத முடியாது. பொதுவாகத் தோராய முறையைத்தான் கையாண்டார்கள். கேரளத்தில் பாலாவுக்கு அருகிலுள்ள அரக்குளத்தில் 1935இல் பிறந்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஏ. எம். மத்தாய். அவரும் ஜெர்மானிய இயற்பியலர் ஹான்ஸ் ஹவ்போல்டும் 1980களில் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். நெதர்லாந்துக் கணித அறிஞர் மைஜர் 1936இல் உருவாக்கி வைத்திருந்த ஜி-சார்பு என்ற சிறப்புச் சார்பில் அந்தப் பரப்பை முழுமையாக எழுத முடியும் என்று காட்டினார்கள். சூரியனை மனத்தில் வைத்து மைஜர் அதைச் செய்யவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது சூரியனுக்கு உதவியது.

இதன் முக்கியத்துவம் புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து நிலவரம் தெரிய வேண்டும். சூரிய அடுப்பிலிருந்து நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் புறப்பட்டு வருகின்றன. அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ் 1960களின் இறுதியிலிருந்து நடத்திய சோதனையில், எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு நியூட்ரினோதான் சிக்கியது. கணக்கு தப்பா, சூரியன் தப்பா என்று உலகமே குழம்பியது. அணுக்கருக்களின் வேகப் பங்கீடு சற்றே மாறினால் விடை எப்படி மாறும் என்று ஆராயத் துல்லியமான சார்புகள் கை கொடுத்தன. கடைசியில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம் விடையைச் சொன்னது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன. குறை சூரியக் கணக்கில் இல்லை.

மையத்திலிருந்து மேற்பரப்புக்கு

அடுத்தது சூரியனின் உடம்பு. எடை உள்ளே இழுக்க, அழுத்தம் வெளியே தள்ள, இரண்டும் சமமாக நிற்கும் வாயுப் பந்து அது. அதன் அடர்த்தி மையத்திலிருந்து வெளியே எப்படிக் குறைகிறது என்று சொல்வது லேன்-எம்டன் சார்பு. அமெரிக்கர் லேன் 1870இலும், சுவிட்சர்லாந்தில் பிறந்த எம்டன் 1907இலும் இதை வளர்த்தார்கள். வாயுவின் தன்மையைக் குறிக்கும் எண் 0, 1, 5 என்ற மூன்றாக இருந்தால் மட்டுமே இதற்கு எளிய சூத்திரம் உண்டு. சூரியனுக்கு ஓரளவு பொருந்தும் எண் 3, அதற்குச் சூத்திரம் கிடையாது, அட்டவணைதான். அந்த அட்டவணையின்படி மைய அடர்த்தி சராசரியைப் போல 54 மடங்கு. சூரியனின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 1.4 மடங்கு. அப்படியானால் மையத்தில் 76 மடங்கு. இன்றைய விரிவான கணினிக் கணக்குகள் 150 மடங்கு என்கின்றன. ஒரு பென்சிலும் ஓர் அட்டவணையும் பாதித் தூரம் கொண்டு போய் விட்டன என்பதே பெரிய செய்தி.

இதே எண் 3க்குரிய சார்பைத்தான் 1930இல் 19 வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் வேறு வகை விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்தக் கணக்கு பின்னாளில் சந்திரசேகர் எல்லை என்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் இன்றைய பேச்சுக்கு வேண்டியது அவருடைய இன்னொரு சாதனை.

ஓரம் ஏன் மங்குகிறது?

சூரியனின் படத்தைக் கவனித்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். நடுவில் பார்க்கும்போது பார்வை நேராக ஆழத்துக்குப் போகிறது, அங்கே வெப்பம் அதிகம். ஓரத்தில் பார்வை சாய்வாகப் போவதால் குளிர்ந்த மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது. காரணம் இவ்வளவுதான். ஆனால் எவ்வளவு மங்கும் என்று எண்ணில் சொல்வது எளிதல்ல. ஒவ்வோர் அடுக்கும் மற்ற எல்லா அடுக்குகளிலிருந்தும் ஒளியை வாங்கி, மறுபடி எல்லாப் பக்கமும் கொடுக்கிறது. யாருக்கு யார் கடன் என்று தெரியாத கொடுக்கல் வாங்கல் அது. 1906இல் ஜெர்மனியின் ஷ்வார்ஸ்சைல்டும், பிறகு இங்கிலாந்தின் எடிங்டனும் தோராய விடை சொன்னார்கள். நடுவில் 100 என்றால் ஓரத்தில் 40 என்றது எடிங்டனின் கணக்கு.

சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பெண்மணி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த சந்திரசேகர் 1940களில் ஒளியின் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கையில் எடுத்தார். அதற்குத் திறவுகோலாக இருந்தது சோவியத் விஞ்ஞானி அம்பர்ட்சூமியன் 1943இல் சொன்ன ஒரு கருத்து.

அந்தக் கருத்தைக் கேமரன் மலையில் நின்றே விளக்கலாம். கடலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கடல் மட்டம் உயராது. அதுபோல, அடி காண முடியாத மூடுபனியின் மேல் இன்னும் ஒரு மெல்லிய பனித்திரையைப் போர்த்தினாலும், மேலே இருந்து பார்ப்பவருக்குப் பனியின் வெண்மை மாறாது. புதுத் திரை கொஞ்சம் ஒளியைக் கூட்டும், கொஞ்சம் தடுக்கும். கூட்டலும் கழித்தலும் சரியாக ஈடாக வேண்டும். 'மாறாது' என்ற அந்த ஒரே சொல்லைச் சமன்பாடாக எழுதினால், உள்ளே ஒவ்வோர் அடுக்கிலும் என்ன நடக்கிறது என்று தேடாமலே வெளியே வரும் ஒளியைக் கண்டுபிடித்து விடலாம்.

அந்தச் சமன்பாட்டின் விடைக்குச் சந்திரசேகர் வைத்த பெயர் எச்-சார்பு. விசித்திரமான சார்பு அது. சமன்பாட்டின் இடப் பக்கத்திலும் அதுவே இருக்கும், வலப் பக்கத்திலும் அதுவே இருக்கும். முதலில் ஓர் உத்தேச மதிப்பை வைத்து, அதை உள்ளே போட்டு, கிடைத்த மதிப்பை மறுபடி உள்ளே போட்டு, மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல, ருசி நிலைக்கும் வரை விடக்கூடாது. கணினி பரவாத அந்த நாளில் மேசைக் கணக்குப் பொறியில் இந்த மதிப்புகளை எண் எண்ணாகக் கணக்கிட்டதில் பிரான்சிஸ் பிரீன் என்ற பெண்மணியின் உழைப்பு பெரியது. கணிதம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் என்று எண்ணுபவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இப்போது விடையைப் பாருங்கள். சூரிய ஒளியின் எளிய மாதிரிக்கு எச்-சார்பின் மதிப்பு, நேராகப் பார்க்கும்போது 2.9078. விளிம்பில் 1. இரண்டையும் வகுத்தால், நடுவில் 100 என்றால் ஓரத்தில் 34. நடுவிலிருந்து ஓரம் நோக்கி 87 விழுக்காடு தூரம் போன இடத்தில் மதிப்பு 2.0128, அதாவது 69. எடிங்டனின் 40 எங்கே, இந்த 34 எங்கே! உண்மைச் சூரியனில் நிறத்துக்கு நிறம் இது மாறும். நீல ஒளியில் ஓரம் அதிகமாக மங்கும், சிவப்பில் குறைவாக மங்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துல்லியமான அளவுகோல் அன்றே கிடைத்துவிட்டது. 1950இல் சந்திரசேகர் இவற்றையெல்லாம் ஒளிப்பரவல் பற்றிய தம் நூலில் தொகுத்தார். தம் ஆராய்ச்சிகளிலேயே அதிக மனநிறைவு தந்தது இந்தப் பகுதிதான் என்பது அவருடைய கருத்து.

1983இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபவுலர். விண்மீன்களின் அடுப்பில் அணுக்கருக்கள் எரியும் வேகத்தை ஆராய்ந்தவர் அவர். வெயில் பிறக்கும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே மேடையில் சந்தித்துக்கொண்டன என்றே சொல்ல வேண்டும்.

பனிக்குள் வரும் வெயில்

சூரியனை விட்டுப் புறப்பட்ட ஒளி 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து எட்டு நிமிடம் இருபது விநாடியில் கேமரன் மலைக்கு வந்து சேருகிறது. அங்கே காத்திருப்பது மூடுபனி.

பனித்துளி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். ஒரே ஒரு துளி எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்பதை 1908இல் குஸ்டாவ் மீ கணக்கிட்டார். பெசல், லெஜாண்டர் என்ற இரண்டு வகைச் சிறப்புச் சார்புகளை வரிசையாகக் கூட்டி விடை காண வேண்டும். சாதாரணப் பனித்துளிக்கு நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு துளிக்கே இந்தப் பாடு. கோடானுகோடி துளிகள் சேர்ந்த பனியில், துளியிலிருந்து துளிக்கு ஒளி தாவிக்கொண்டே இருக்கிறது. சூரிய விளிம்பில் பார்த்த அதே கொடுக்கல் வாங்கல்!

மூடுபனிக்கு அடி உண்டு, அதன் கீழே தேயிலைச் செடி நிற்கிறது. அதனால் ஆழம் குறைவான திரைக்கென்று எக்ஸ், ஒய் என்ற இன்னும் இரண்டு சார்புகளைச் சந்திரசேகர் வகுத்தார். அவையும் அட்டவணையாயின. அவரும் டோனா எல்பர்ட் என்ற கணக்கீட்டாளரும் 1954இல் வெளியிட்ட அட்டவணைகள், தெளிந்த வானத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு ஒளிரும் என்று சொல்லின. பனியைக் கணக்கிடவும் அடிப்படை முறை அதுவே.

இலைக்கு இதனால் என்ன? தெளிந்த நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழலாம். அதை முழுவதும் வாங்கிக்கொள்ள மேல் இலையால் முடியாது. கீழ் இலைகளோ நிழலில் கிடக்கும். பனியோ மேகமோ ஒளியைச் சிதறடித்தால் மொத்த ஒளி குறையும், ஆனால் அது எல்லாத் திசையிலிருந்தும் வந்து கீழ் இலைகளையும் எட்டும். பந்தியில் ஒருவர் இலையிலேயே கொட்டாமல் எல்லாருக்கும் பரிமாறுவது போன்றது அது. பனி ரொம்பக் கனத்துவிட்டால் பரிமாற எதுவும் மிஞ்சாது என்பதும் உண்மை. எந்த அளவுப் பனி லாபம், எந்த அளவு நஷ்டம் என்பதற்கு விடை வேண்டுமானால், இலைக்கு வரும் ஒளியை முதலில் கணக்கிட வேண்டும்.

கணினி இருக்கிறதே?

இவ்வளவையும் இன்று கணினி செய்துவிடுமே, பிறகு சார்புகள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணினி எண்ணைத் தரும், அந்த எண் சரியா என்று பார்க்கத் துல்லியமான விடை தெரிந்த ஒரு கணக்கு வேண்டும். ஒளிப்பரவலைக் கணக்கிடப் புது நிரல் எழுதுபவர்கள் சந்திரசேகரின் அட்டவணைகளோடு ஒப்பிட்டுச் சோதிப்பது வழக்கம். உரைத்துப் பார்க்க உரைகல் இல்லாமல் பொன் வாங்குவாருண்டோ? அது மட்டுமல்ல. சூரியனின் விளிம்பும் மலையின் பனியும் ஒரே கணக்கு என்ற உண்மையைக் கணினித் திரையில் ஓடும் எண்கள் சொல்லாது. சார்பின் குணத்தை அறிந்த மனிதருக்குத்தான் அது தெரியும். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதரிடம் வாக்கியங்கள் இருந்தன, கோட்பாடு இல்லை. பொத்தானை மட்டும் அழுத்தத் தெரிந்த தலைமுறை அவருடைய நிலைக்கே திரும்பிவிடும். அவருக்காவது வாக்கியங்கள் மனப்பாடம்!

மலையிலுள்ள பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பனி இறங்காத ஒரு காலை வேளையில், ஆசிரியர் மேற்பார்வையில், சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தொலைநோக்கிக்குள் யாரும் எக்காரணம் கொண்டும் கண்ணை வைக்கக்கூடாது, பார்வையே போய்விடும். தாளில் விழும் பிம்பத்தின் ஓரம் மங்கலாக இருப்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் காணட்டும். அதைப் படம் எடுத்து நடுவிலும் ஓரத்துக்கு அருகிலும் ஒளியை அளந்து, 100, 69, 34 என்ற எண்களோடு ஒப்பிடட்டும். ஏன் அப்படியே பொருந்தவில்லை என்று கேள்வி கேட்கட்டும். கேட்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சைனும் கோசைனும் சுமையாகத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரே ஒரு சொல். கூடுதல் கணிதம் எடுக்கும் எல்லாப் பிள்ளையும் சந்திரசேகர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் "இது தோட்டத்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டிலேயே கதவைச் சாத்திவிட்டால், எந்தப் பிள்ளைக்கு அது ஆகும் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். கொழுந்து நிறுக்கச் சைன் வேண்டாம்தான். அந்தக் கொழுந்தை வளர்த்த வெயிலை நிறுக்க வேண்டுமானால் அது வேண்டும்.